ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க: வாசகர் கேள்வி பதில்

கண்ணைப் பத்தி சந்தேகம் இருந்தா எழுதுங்கன்னு போன இதழ்ல ரெண்டே ரெண்டு வரி போட்டோம், கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. எல்லாத்துக்கும் இங்க இடமில்ல. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் ஒண்ணாச் சேர்த்திருக்கேன், பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால யார் பேரையும் போடல, ஊர் மட்டும்தான். நான் ரொம்ப வருஷமா கண் பரிசோதனை அறையில உக்காந்து எழுத்து போர்டு காட்டி அளவு பார்க்கிற ஆளு. ஆபரேஷன் பண்ற டாக்டர் இல்ல. அதனால மருந்து பேர் எதுவும் எழுத மாட்டேன், கண்ணு எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன். அது புரிஞ்சுட்டா எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும், எப்போ சும்மா இருக்கலாம்னு பாதி விஷயம் உங்களுக்கே தெரிஞ்சிடும்.

கேள்வி: கண்ணுக்குள்ள பிம்பம் தலைகீழா விழுதுன்னு எங்க அறிவியல் புக்ல இருக்கு. அப்புறம் ஏன் எல்லாம் நேரா தெரியுது? மிஸ் கிட்ட கேட்டேன், மூளை திருப்பிடும்னு சொன்னாங்க. எப்படித் திருப்பும்?
– 10ஆம் வகுப்பு மாணவி, விருதுநகர்

பதில்: "எப்படித் திருப்பும்"னு அடுத்த கேள்வியையும் கேட்டிருக்க பாரு, அதுக்காகவே உன் கடுதாசியை முதல்ல எடுத்தேன். வெளிச்சம் முதல்ல கண்ணோட முன்பக்கம் இருக்கிற கார்னியாவுல படுது, வாட்ச் கண்ணாடி மாதிரி வளைஞ்சு தெளிவா இருக்குமே, அதுதான். கண் தானத்துல கருவிழின்னு சொல்றது இதைத்தான். வெளிச்சத்தை மடக்கிற வேலைல மூணுல ரெண்டு பங்கை இதுவே செஞ்சிடுது, உள்ள இருக்கிற லென்ஸ் மிச்சத்தைப் பார்த்துக்குது. கிணத்துல முங்கி கண்ணைத் திறந்தா எல்லாம் மங்கலா தெரியுதுல்ல? கார்னியாவும் தண்ணியும் வெளிச்சத்தை ஏறக்குறைய ஒரே மாதிரி மடக்கும், அதனால தண்ணிக்குள்ள கார்னியா இருந்தும் இல்லாத கணக்குதான்.

இப்படி மடங்கி வர்ற வெளிச்சம் பின்னாடி விழித்திரையில, அதாவது ரெட்டினாவுல, தலைகீழா விழுது. 1604லயே கெப்ளர் கணக்குப் போட்டு இதைச் சொல்லிட்டார், கிரகம் சுத்துற விதியைச் சொன்னாரே அதே கெப்ளர்தான். அப்புறம் 1625ல ஷெய்னர்னு ஒரு பாதிரியார் மாட்டுக் கண்ணோட பின்பக்கத் தோலைச் சுரண்டி எடுத்துட்டு பிம்பம் தலைகீழா விழறதை நேராவே பார்த்துட்டார்.

ஆனா மூளை அதைத் திருப்பிப் போடுதுன்னு சொல்றது முழுசா சரியில்லம்மா. உள்ள யாரும் திரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கல. விழித்திரையில இந்த இடத்துல இருந்து சிக்னல் வந்தா வெளியில அந்தப் பக்கம் ஏதோ இருக்குன்னு மூளை எடுத்துக்குது, அவ்வளவுதான். நம்பலைன்னா இன்னைக்கு ராத்திரி லைட்டை அணைச்சதும் கண்ணை மூடிக்கோ, காதுப் பக்க ஓரத்துல இமை மேல விரல் நுனியால ரொம்ப ரொம்ப மெதுவா ஒரு தடவை தொட்டுப் பாரு, மங்கலா ஒரு வட்டம் தெரியும், அது விரல் இருக்கிற பக்கம் தெரியாது, மூக்குப் பக்கம்தான் தெரியும். ஏன்னா காதுப் பக்க விழித்திரைக்கு பொறந்ததுல இருந்து மூக்குப் பக்க வெளிச்சம்தான் வந்துக்கிட்டிருக்கு, விரல் தட்டினாலும் அது அப்படியே சொல்லுது. (கண்ணுல ஆபரேஷன் பண்ணவங்க, கண் அழுத்தம் இருக்கிறவங்க இதைச் செய்யக்கூடாது.) அமெரிக்காவுல ஸ்ட்ராட்டன்னு ஒரு மனோதத்துவ பேராசிரியர் 1897ல எல்லாத்தையும் தலைகீழா காட்டுற ஒரு லென்ஸை மாட்டிக்கிட்டு 8 நாள் இருந்தார். முதல்ல தடுமாறினவர் போகப் போக நடக்கிறது, எடுக்கிறதுக்கெல்லாம் பழகிட்டார், கழட்டினப்புறம் சாதாரண உலகமே கொஞ்ச நேரம் அவருக்குப் புதுசா இருந்துச்சு. இதையும் உங்க மிஸ் கிட்ட போய்ச் சொல்லு, சந்தோஷப்படுவாங்க.

கேள்வி: வயசு 46. இத்தனை வருஷம் கண்ணாடியே போட்டதில்ல, இப்போ பேப்பரை கையை நீட்டிப் பிடிச்சாத்தான் எழுத்து தெரியுது. கண்ணாடி போட்டா அதுக்கே பழகி பவர் ஏறிடும்னு நண்பர்கள் பயமுறுத்துறாங்க. எங்க அப்பா 70 வயசுல திடீர்னு கண்ணாடி இல்லாம பேப்பர் படிச்சார், அது எப்படி?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வெள்ளெழுத்து சார். எல்லாருக்கும் வரும், யாரையும் விடாது. பள்ளிக்கூட முகாமுக்குப் போறப்போ கறிக்கடையில ஆட்டுக்கண் வாங்கிட்டுப் போய் அறுத்துக் காட்டுவேன். உள்ள இருந்து லென்ஸை எடுத்தா சின்ன நுங்கு மாதிரி வழவழன்னு இருக்கும், பேப்பர் மேல வச்சா எழுத்து பெருசா தெரியும், பிள்ளைங்க ஓன்னு கத்துவாங்க. நம்ம லென்ஸும் அப்படித்தான், சின்ன வயசுல மெத்துன்னு இருக்கும். அதைச் சுத்தி வளையமா ஒரு தசை, தசைக்கும் லென்ஸுக்கும் நடுவுல மெல்லிசு மெல்லிசா நார். தூரத்துல பார்க்கும்போது தசை தளர்ந்திருக்கும், நார் இழுத்துப் பிடிச்சு லென்ஸ் தட்டையா இருக்கும். கிட்டத்துல பார்க்க தசை சுருங்கும், வளையம் சின்னதாகி நார் லூஸாகும், லென்ஸ் தானா உருண்டுக்கும். இழுக்கிறதை விட்டாத்தான் உருளும், நாம நினைக்கிறதுக்கு நேர் எதிர்.

இந்த லென்ஸ் வாழ்நாள் பூரா வளர்ந்துக்கிட்டே இருக்கு. தோல் மாதிரி பழசு உதிராது, வெங்காயம் மாதிரி அடுக்கு மேல அடுக்கு ஏறும், நடுவுல இருக்கிறது நீங்க அம்மா வயித்துல இருந்தப்போ உண்டானது. அடுக்கு ஏற ஏற இறுகிப்போகும், 40 தாண்டினா நார் லூஸானாலும் உருள மாட்டேங்குது. கண்ணாடி போட்டாலும் ஏறும், போடாட்டியும் ஏறும், ஏறக்குறைய 60 வயசு வரைக்கும். போடாம இருந்தா தலைவலிதான் மிச்சம். உங்க நண்பர்கள் பார்க்கிறது, கண்ணாடி போட்டவருக்கும் ஏறுது, அதனால கண்ணாடிதான் காரணம்னு.

அப்பா விஷயம் சந்தோஷமானது இல்ல. புரை விழ ஆரம்பிக்கும்போது லென்ஸோட நடுப்பகுதி கெட்டியாகி வெளிச்சத்தை அதிகமா மடக்கும், அதனால கொஞ்ச நாளைக்கு கிட்டத்துல பார்க்கிற பார்வை திரும்பி வந்த மாதிரி இருக்கும், அதே நேரத்துல தூரம் மங்கியிருக்கும். வீட்டுல பெரியவங்க யாராவது "எனக்கு கண்ணு திரும்பி வந்துருச்சு"ன்னு சொன்னா ஒரு தடவை கூட்டிட்டுப் போய் காட்டுங்க.

கேள்வி: எங்க பாட்டி புரை நல்லா முத்தட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னு 3 வருஷமா சொல்லிட்டிருக்காங்க. முத்தணுமா?
– வாசகி, பழனி

பதில்: வேணாம்மா. முத்தட்டும்ங்கிறது பாட்டி காலத்து முறைக்குப் பொருந்தின பேச்சு. அப்போ லென்ஸை முழுசா எடுத்துட்டு சோடாபுட்டி கண்ணாடி கொடுத்து அனுப்புவாங்க. உள்ளயே செயற்கை லென்ஸ் வைக்கிறது 1949ல லண்டன்ல ஹெரால்ட் ரிட்லிங்கிற டாக்டர் ஆரம்பிச்சது. உலகப்போர்ல விமானிகள் கண்ணுக்குள்ள காக்பிட்டோட பிளாஸ்டிக் துண்டு போயி தங்கியும் கண்ணு அதை ஒதுக்காம சும்மா இருந்ததைக் கவனிச்சுதான் அவருக்கு அந்த யோசனை வந்துச்சு, கூட வேலை செஞ்ச பெரிய டாக்டருங்களே அவரை ரொம்ப நாள் ஏத்துக்கல. நம்ம ஊர்ல அந்த லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலைல இருந்துச்சு, 1992ல மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி ஆளுங்க ஆரோலேப்னு சொந்தமாவே தயாரிக்க ஆரம்பிச்சப்புறம்தான் விலை இறங்குச்சு. டாக்டர் வெங்கடசாமி 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது, அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் பெருமையா இருக்கு. இப்போ புரை முத்த முத்த இறுகிப்போய் எடுக்கிறதுதான் கஷ்டம், சிலருக்கு வீங்கி கண் அழுத்தமும் ஏறிடும். அன்றாட வேலைக்கு இடைஞ்சலா இருந்தா அதுவே சரியான நேரம். பாட்டி பாத்ரூம்ல வழுக்கி விழுறதுக்கு முன்னாடி கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: என் பையனுக்கு 9 வயசு, மைனஸ் 2 பவர். டெய்லி பொன்னாங்கண்ணி, கேரட் ஜூஸ் எல்லாம் கொடுக்கிறேன், பவர் குறையவே இல்ல. செல்போன்தான் காரணமா? கண்ணாடியை எப்பவும் போடணுமா, கிளாஸ்ல மட்டும் போட்டா போதுமா?
– ஒரு அம்மா, கோயம்புத்தூர்

பதில்: பெரியவங்க கண்ணு முன்னாடியிலிருந்து பின்னாடி வரைக்கும் சுமார் 24 மில்லிமீட்டர். பொறந்த குழந்தைக்கு 17 மில்லிமீட்டர்கிட்ட இருக்கும், உடம்போட சேர்ந்து வளருது. மைனஸ் பவர்னா பெரும்பாலும் அந்த வளர்ச்சி நிக்க வேண்டிய இடத்துல நிக்காம கண்ணு நீளமா போயிருச்சுன்னு அர்த்தம். ஒரு மில்லிமீட்டர் கூடினாலே ரெண்டரை, மூணு பவர் வந்துரும். அப்போ பிம்பம் திரைக்கு முன்னாடியே விழுந்துருது, மைனஸ் கண்ணாடி அதைப் பின்னாடி தள்ளுது. நீண்டுபோன கண்ணை எந்தக் கீரையும் சுருக்காதும்மா. நீங்க தினமும் ஆஞ்சு, அரைச்சு, பையன்கூட மல்லுக்கட்டி ஊட்டுறது மனசுக்குக் கஷ்டமா இருக்கு, அதனாலதான் நேரா சொல்றேன்.

கீரை வேணாம்னு சொல்லல. விட்டமின் ஏ இல்லாம விழித்திரையில ஒரு முக்கியமான நிறமி உண்டாகாது, அதைக் கண்டுபிடிச்சதுக்காக ஜார்ஜ் வால்டுக்கு 1967ல நோபல் பரிசில பங்கு கொடுத்தாங்க. அந்த விட்டமின் குறைஞ்சா முதல்ல மாலைக்கண் வரும், அப்புறம் வெள்ளைப்பகுதி வறண்டு போகும், கடைசியில கார்னியாவே உருகிப்போய் குழந்தைக்கு நிரந்தரமா பார்வை போயிரும். அங்கன்வாடியில சின்னக் குழந்தைங்களுக்கு 6 மாசத்துக்கு ஒரு தடவை விட்டமின் ஏ சிரப் ஊத்துறது இதுக்காகத்தான், அதைத் தவற விட்டுராதீங்க. முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம் எல்லாம் அந்த வேலைக்கு. பவரைக் குறைக்கிறது அதோட வேலை இல்ல.

போனைவிடப் பெரிய விஷயம் வெயில் வெளிச்சம். வெளியில விளையாடுற பிள்ளைங்களுக்கு மைனஸ் பவர் வர்றது குறையுதுன்னு பல நாட்டு ஆராய்ச்சியில திரும்பத் திரும்பத் தெரிஞ்சிருக்கு, ஒரு நாளைக்கு 2 மணி நேரம் வெளியில இருக்கணும்னு சொல்றாங்க. போன், புக் எதுவா இருந்தாலும் முகத்துக்கு ரொம்பக் கிட்ட, ரொம்ப நேரம் விடாம பார்க்கிறதுதான் சிக்கல். சாயங்காலம் டியூஷன்ல இருந்து ஒரு மணி நேரத்தை எடுத்து கிரவுண்டுக்குக் கொடுங்க. பவர் வருஷா வருஷம் வேகமா ஏறினா அதை மெதுவாக்குற சொட்டு மருந்தும் தனி கண்ணாடியும் இருக்கு, டாக்டர் கிட்ட கேளுங்க.

கண்ணாடி எப்பவும் போடணும். அப்புறம் ஒண்ணு, நான் முகாமுக்கு முகாம் தொண்டை கிழியச் சொல்றது: ஒரு கண்ணை மூடிட்டு மத்தக் கண்ணால தனித்தனியா பார்க்கச் சொல்லுங்க. ஒரு கண்ணுல மட்டும் பவர் அதிகமா இருந்தா நல்ல கண்ணே எல்லாத்தையும் பார்த்துக்கும், பிள்ளை ஒண்ணும் சொல்லாது, ஏன்னா அதுக்கே தெரியாது. வேலை வராத கண்ணோட சிக்னலை மூளை ஒதுக்க ஆரம்பிச்சிரும், சோம்பேறிக் கண்ணுன்னு சொல்றது இதைத்தான். 7, 8 வயசுக்குள்ள பிடிச்சா கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை தினம் கொஞ்ச நேரம் மறைச்சு, பெரும்பாலும் மீட்டுரலாம். வயசு ஏற ஏற கஷ்டம். வேலைக்கு மெடிக்கல் செக்கப் போன இடத்துல முதல் தடவையா ஒரு கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு என் முன்னாடி அழுத பசங்க இருக்காங்க.

கேள்வி: அறுப்பு சமயத்துல நெல்லுத்தாள் கண்ணுல அடிச்சிருச்சு. வீட்டுல தாய்ப்பால் விட்டாங்க, பக்கத்து வீட்டுல பச்சிலை சாறு பிழிஞ்சாங்க, அப்புறம் மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன், ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, இப்போ வெள்ளையா பூ விழுந்த மாதிரி இருக்கு. என்ன பண்றது?
– விவசாயி, மன்னார்குடி பக்கம்

பதில்: ஐயா, உங்க கடுதாசி கைக்குக் கிடைச்ச அன்னைக்கே உடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு ஆசிரியர் பதில் அனுப்பிட்டார், போயிட்டீங்கன்னு தெரிஞ்சப்புறம்தான் இதை எழுதுறேன், மத்தவங்களுக்காக.

கார்னியா நடுவுல வெறும் அரை மில்லிமீட்டர் கனம்தான். அதுல ரத்தக்குழாயே கிடையாது, இருந்தா தெளிவா இருக்காதே. வெளிக்காத்துல இருக்கிற ஆக்சிஜன் கண்ணீர்ல கரைஞ்சு நேரா அதுக்குப் போகுது. அதுக்குள்ள இருக்கிற நார் எல்லாம் நெய்யப்போற பாவு நூல் மாதிரி ஒரே சீரா வரிசையா இருக்கு, அந்த வரிசைதான் அதைக் கண்ணாடி மாதிரி ஆக்குது. மேல் தோல் நாலஞ்சு அடுக்கு செல்லுதான், கீறினா ரெண்டு மூணு நாள்ல தானா மூடிக்கும். ஆனா நெல்லுத்தாள், கரும்புத்தோகை, சோளத்தட்டை அடிச்சா வெறும் கீறல் மட்டும் இல்ல, அதுல ஒட்டியிருக்கிற பூஞ்சைக்காளானும் சேர்ந்து உள்ள போயிரும். ரத்தக்குழாய் இல்லாத இடத்துக்கு உடம்போட காவல்காரன் வந்து சேர நேரம் ஆகும், அதுக்குள்ள காளான் நாருக்குள்ள வேர் விட்டுரும்.

தாய்ப்பால்ல சத்து இருக்கு, அந்தச் சத்து கிருமிக்கும்தான் சாப்பாடு. பச்சிலையில மண்ணும் கிருமியும் இருக்கு. எல்லாத்தையும்விட மோசம் மெடிக்கல்ல டாக்டர் சீட்டு இல்லாம வாங்கிப் போடுற ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. அது சிவப்பையும் வலியையும் சட்டுனு குறைச்சிரும், நீங்க ரெண்டு நாள் நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அதேதான். சண்டை போட வேண்டிய செல்லையெல்லாம் தூங்க வச்சிட்டு காளானை ராஜா மாதிரி வளர விட்டுரும். அப்புறம் புண்ணு ஆறினாலும் அந்த நார் வரிசை திரும்ப வராது, தழும்பா வெள்ளையா நிக்கும், பூ விழுந்திருச்சுன்னு சொல்றது அந்தத் தழும்பைத்தான்.

வீட்டுல பெரியவங்க பாசத்துலதான் செய்யிறாங்க, அவங்களைத் திட்டாதீங்க. கண்ணுல எது அடிச்சாலும் சுத்தமான தண்ணியில கழுவிட்டு, கசக்காம, எதையும் பிழியாம அன்னைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அறுப்பு, தூத்துற நேரத்துல நூறு ரூபாய்க்கு உள்ள கிடைக்கிற பிளாஸ்டிக் கண்ணாடி ஒண்ணு போட்டுக்கிட்டா போதும். சுண்ணாம்பு, ஆசிட் தெறிச்சா மட்டும் முறை வேற. ஒரு நிமிஷம்கூட யோசிக்காம குழாயைத் திறந்து கண்ணைத் திறந்து வச்சு அரை மணி நேரம் கழுவுங்க, ஆஸ்பத்திரி அதுக்கப்புறம். வெத்தலை போடுற வீட்டுல சுண்ணாம்பு டப்பா, டியூபை குழந்தை கைக்கு எட்டாம வைங்க.

கேள்வி: கண் முன்னாடி கொசு பறக்கிற மாதிரி கருப்பா மிதக்குது. தட்டப் போனா இல்ல. வயசு 58.
– வாசகி, சென்னை

பதில்: லென்ஸுக்குப் பின்னாடி கண்ணோட பெரும்பகுதி தெளிவான கூழ்தான், நூத்துக்கு 99 பங்கு தண்ணி, மிச்சம் நார். வயசானா அது நீர்த்துப்போய் நாரெல்லாம் திரிஞ்சு மிதக்கும், அதோட நிழல் விழித்திரையில விழறதைத்தான் நீங்க கொசுன்னு பார்க்கிறீங்க. பழசா, ஒண்ணு ரெண்டா, அப்படியே இருக்குன்னா பயமில்ல, ஒரு தடவை மட்டும் காட்டிட்டு விட்டுரலாம்.

ஆனா திடீர்னு ஒரே நாள்ல மிளகைக் கொட்டின மாதிரி நிறைய வந்தா, ஓரத்துல மின்னல் வெட்டுற மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா, ஒரு பக்கத்துல இருந்து திரை இறங்குற மாதிரி மறைச்சா, மறுநாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. சுருங்குற கூழ் விழித்திரையைப் பிடிச்சு இழுக்குது, கிழிஞ்சிருக்கலாம். கிழிசலோட பிடிச்சா லேசர்ல ஒட்டிரலாம், உரிஞ்சு வந்துட்டா பெரிய ஆபரேஷன். விழித்திரைக்கு வலி தெரியாது. வலி இல்லையேன்னு சாவகாசமா வர்றவங்களைப் பார்த்து மனசு வெந்திருக்கேன்.

கேள்வி: கல்யாணத்துல அருந்ததி பார்க்கச் சொன்னாங்க, பகல்ல எங்க தெரியும், சும்மா தலையாட்டினேன். இப்போ ராத்திரியில உண்மையாவே பார்க்கணும்னு ஆசை. மங்கலான நட்சத்திரத்தை நேரா பார்த்தா மறையுது, பக்கத்துல பார்த்தா தெரியுது, ஏன்?
– புதுமாப்பிள்ளை, ஏற்காடு

பதில்: வாழ்த்துக்கள் தம்பி. ரெண்டு பேரும் சேர்ந்தே பாருங்க. சப்தரிஷி மண்டலத்துல வால் பக்கம் கடைசியில இருந்து ரெண்டாவது வசிஷ்டர், அதை ஒட்டி மங்கலா இருக்கிறது அருந்ததி.

விழித்திரையில ரெண்டு வகை செல் இருக்கு. கூம்பு செல் சுமார் 60 லட்சம், நிறமும் நுணுக்கமும் பார்க்கும், ஆனா நல்ல வெளிச்சம் வேணும். குச்சி செல் சுமார் 12 கோடி, நிறம் தெரியாது, இருட்டுல வேலை செய்யும். நாம நேரா குறிபார்க்கிற நடு இடத்துல கூம்பு மட்டும் நெருக்கியடிச்சு உக்காந்திருக்கு, குச்சி ஒண்ணுகூட இல்ல. கையை நீட்டி கட்டைவிரல் நகத்தைப் பாருங்க, நாம உண்மையிலேயே தெளிவா பார்க்கிறது அந்த நகம் அகலம்தான், மிச்சத்தை கண்ணு ஓடி ஓடி சேகரிக்குது. அதனால இருட்டுல நேரா பார்த்தா மங்கின நட்சத்திரம் குச்சி இல்லாத இடத்துல விழுந்து காணாம போகுது, கொஞ்சம் தள்ளிப் பார்த்தா குச்சி மேல விழுது. வெளியில வந்து அரை மணி நேரமாவது இருட்டுல இருங்க, குச்சியில இருக்கிற நிறமி வெளிச்சத்துல வெளுத்துப்போயிருக்கும், திரும்ப ஊற அவ்வளவு நேரம் ஆகும். நடுவுல ஒரே ஒரு தடவை செல்போனை எடுத்துப் பார்த்தாலும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

கேள்வி: எனக்கு பார்வை நல்லா இருக்கு, ஆனா செக்கப்ல கண் அழுத்தம் இருக்கு, வாழ்நாள் பூரா மருந்து விடணும்னு சொல்றாங்க. ஒரு தொந்தரவும் இல்லாதப்போ எதுக்கு? பணம் பிடுங்குறாங்களோன்னு தோணுது.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: அண்ணாச்சி, கோபப்படாம ஒரு சின்ன வேலை செய்யுங்க. வெள்ளைத்தாள்ல இடது பக்கம் ஒரு கூட்டல் குறி, அதுக்கு வலது பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு பட்டாணி அளவு கருப்புப் பொட்டு. இடது கண்ணை மூடிட்டு வலது கண்ணால கூட்டல் குறியை மட்டும் விடாம பார்த்துக்கிட்டே தாளை மெதுவா முன்னும் பின்னும் நகர்த்துங்க, ஒரு அடி தூரத்துல பொட்டு காணாம போயிரும். அந்த இடத்துல ஓட்டை தெரியுதா? தெரியாது, வெள்ளைத்தாள்தான் தெரியும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளிய போற வாசல் அது, அங்க வெளிச்சத்தைப் பார்க்கிற செல் ஒண்ணும் கிடையாது. 1660கள்ல மாரியட்ங்கிற பிரெஞ்சுக்காரர் சொல்ற வரைக்கும் மனுஷங்க யாருக்குமே தன் கண்ணுல இப்படி ஒரு குருட்டு இடம் இருக்கிறது தெரியாது, ஏன்னா மூளை சுத்தி இருக்கிறதை வச்சு அதை மூடி மெழுகிருது.

உங்க நோயும் அதே இடத்துலதான் வேலை பார்க்குது. கண்ணோட முன்பகுதியில ஒரு தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும், ஓரத்துல சல்லடை மாதிரி ஒரு வழியா வடிஞ்சுக்கிட்டே இருக்கும். வடியறது அடைச்சா அழுத்தம் ஏறும், சாதாரணமா 10ல இருந்து 21 மில்லிமீட்டர் பாதரசம் வரைக்கும் இருக்கணும். அழுத்தம் பார்வை நரம்பை நசுக்கும். அந்த நரம்புல 10 லட்சத்துக்கு மேல நார் இருக்கு, ஒண்ணு ஒண்ணா சாகும்போது பக்கப்பார்வையில துண்டு துண்டா குறையும், மூளை அதையும் மெழுகிரும், இன்னொரு கண்ணு இட்டு நிரப்பும், நேர்ப்பார்வை கடைசி வரைக்கும் நிக்கும். நீங்க பார்வை நல்லா இருக்குன்னு சொல்றது பொய் இல்ல, ஆனா அது சாட்சி ஆகாது. போன நார் திரும்ப வராது, மருந்து மிச்சத்தைக் காப்பாத்தும். உங்களை மாதிரியே நினைச்சு மருந்தை நிறுத்திட்டு அஞ்சாறு வருஷம் கழிச்சு கதவு நிலையில இடிச்சுக்கிட்டே உள்ள வந்தவங்களைப் பார்த்திருக்கேன். சந்தேகம் தீரலைன்னா இன்னொரு டாக்டர் கிட்ட காட்டுங்க, அதுல தப்பே இல்ல, மருந்தை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க. கூடப் பொறந்தவங்களையும் செக் பண்ணச் சொல்லுங்க, இது குடும்பத்துல ஓடும்.

கேள்வி: மெட்ராஸ் ஐ வந்தவங்களைப் பார்த்தாலே ஒட்டிக்குமா?
– வாசகி, ஈரோடு

பதில்: ஒட்டாது. கை, துண்டு, தலையணை உறை, கதவுக் கைப்பிடி இதுலதான் பரவுது. அவங்க கூலிங் கிளாஸ் போடுறது அவங்க கண்ணு கூசாம இருக்க. கையை சோப்பு போட்டுக் கழுவுங்க, துண்டைத் தனியா வைங்க.

கேள்வி: கண் தானம் எண்டா முழுக் கண்ணையும் எடுத்து வேற ஆளுக்கு வைக்கிறவையோ? நீரிழிவு இருக்கிற ஆக்களும் குடுக்கலாமோ?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வைக்கிறது கார்னியாவை மட்டும்தான் ஐயா. 1905லயே சிர்ம்ங்கிற டாக்டர் இன்னைக்கு செக் நாடா இருக்கிற இடத்துல வெற்றிகரமா செஞ்சு காட்டிட்டார். ரத்தக்குழாய் இல்லாததால உடம்பு அதை அந்நியன்னு ஒதுக்குறதும் மத்த உறுப்பைவிடக் குறைவு. முழுக் கண்ணை வச்சா அந்த 10 லட்சம் நாரையும் யார் ஒட்டுறது? 2023ல நியூயார்க்ல ஒருத்தருக்கு முழுக் கண்ணையே வச்சாங்க, கண்ணு உயிரோட ரத்த ஓட்டத்தோட இருந்துச்சு, பார்வை வரல.

உங்க நாட்டுக்கு இதுல பெரிய பேர் இருக்கு. டாக்டர் ஹட்சன் சில்வா 1961ல ஆரம்பிச்ச கண் தான சங்கம் 1964ல இருந்து வெளிநாடுகளுக்கே கண்ணு அனுப்பிக்கிட்டிருக்கு. எங்க பக்கம் சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில 1945ல டாக்டர் முத்தையா ஆரம்பிச்சதுதான் இந்தியாவோட முதல் கண் வங்கி. நீரிழிவு இருந்தாலும், கண்ணாடி போட்டிருந்தாலும், புரை ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் பெரும்பாலும் கொடுக்கலாம், எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய் மாதிரி சிலதுக்கு மட்டும் எடுக்க மாட்டாங்க. உயிர் போனதும் இமையை மூடி, மேல ஈரப்பஞ்சு வச்சு, தலைக்கு ஒரு தலையணை கொடுத்து, ஃபேனை நிறுத்திட்டு உடனே கண் வங்கிக்கு போன் பண்ணணும், 6 மணி நேரத்துக்குள்ள எடுத்தாகணும். கார்டுல கையெழுத்து போட்டு பீரோவுல வச்சா போதாது, அழுதுக்கிட்டு இருக்கிற வீட்டுல யாராவது ஒருத்தருக்கு ஞாபகம் வரணும், அதனால இப்பவே வீட்டுல எல்லார் கிட்டயும் சொல்லி வைங்க.

கேள்வி: அம்மா கண்ணுக்குள்ள ஒரு குட்டி நான் தெரியிறேன். அது யாரு?
– 2ஆம் வகுப்பு, சிவகாசி (அம்மா எழுதி அனுப்பியது)

பதில்: அது நீதான் கண்ணு. அம்மாவோட கார்னியா வழவழன்னு கண்ணாடி மாதிரி இருக்குல்ல, அதுல உன் முகம் குட்டியா தெரியுது. நடுவுல கருப்பா இருக்கிற ஓட்டைக்கு கண் பாப்பான்னு நம்ம பெரியவங்க பேர் வச்சதே அதுக்குள்ள ஒரு பாப்பா தெரியிறதாலதான். அம்மாவை ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லு, அந்த ஓட்டை சின்னதாகும், இருட்டுப் பக்கம் திரும்பினா பெருசாகும், நீயே பார்க்கலாம்.

இது அம்மாவுக்கு: பிள்ளையை ஃபிளாஷ் போட்டு போட்டோ எடுக்கும்போது ரெண்டு கண்ணுலயும் அந்த வெளிச்சப் புள்ளி ஒரே இடத்துல விழுதான்னு பாருங்க. ஒரு கண்ணுல நடுவுலயும் இன்னொண்ணுல தள்ளியும் இருந்தா மாறுகண்ணா இருக்கலாம். ஒரு கண் பாப்பா சிவப்பாவும் இன்னொண்ணு வெள்ளையாவும் பூனைக்கண்ணு மாதிரி மின்னினா, ஒரு போட்டோதானேன்னு விடாதீங்க. பெரும்பாலும் போட்டோ எடுத்த கோணமா இருக்கும், ஆனா குழந்தைங்களுக்குப் புரையோ, விழித்திரையில கட்டியோ இருந்தாலும் முதல்ல இப்படித்தான் தெரியும், சீக்கிரம் பிடிச்சா உயிரையும் கண்ணையும் காப்பாத்தலாம். அந்த போட்டோவை போன்லயே வச்சிருந்து அப்படியே டாக்டர் கிட்ட காட்டுங்க.